பேசிக் ஃபேஷியல்: ஸ்டீம் எத்தனை நிமிஷம், மசாஜ்ல எவ்வளவு அழுத்தம், யாருக்குப் பண்ணவே கூடாது?

மல்லிகை_திண்டுக்கல்:

எல்லாருக்கும் வணக்கம். மூணு மாச பியூட்டீஷியன் கோர்ஸ் முடிச்சிருக்கேன். வீட்டு முன்னறையில சின்னதா பார்லர் வைக்கப் போறேன். த்ரெட்டிங், வேக்ஸிங் கை வந்துடுச்சு. ஃபேஷியல்தான் பிடிபடலை. க்ளாஸ்ல ஆறு ஸ்டெப் கிட்டைப் பிரிச்சு, பாக்கெட் மேல இருக்கிற நம்பர் வரிசையில தடவச் சொன்னாங்க. எதுக்கு எந்த ஸ்டெப், எவ்வளவு நேரம், எங்க நிறுத்தணும்னு சொல்லித் தரலை.

என் கேள்விகள்: ஸ்டீம் எவ்வளவு தூரத்துல, எத்தனை நிமிஷம்? ப்ளாக்ஹெட் எடுத்தா ஏன் மூக்கு சிவந்து தழும்பாகுது? மசாஜுக்கு எவ்வளவு க்ரீம், எவ்வளவு அழுத்தம்? பழகிப் பார்த்த முகங்கள்ல சிலருக்கு ரெண்டாம் நாள் வேர்க்குரு மாதிரி பொடிப்பொடியா வருது, அது ஏன்? கடைசியா, யாரை "இன்னைக்கு வேண்டாம்"னு திருப்பி அனுப்பணும்?

கைப்பக்குவம் (பயிற்சியாளர்):

கிட் நம்பரை மறந்துட்டு, ஒவ்வொரு ஸ்டெப்பும் அடுத்த ஸ்டெப்புக்கு எதைத் தயார் பண்ணுதுன்னு பாருங்க. அப்போ வரிசை தானா நிக்கும்.

முதல்ல க்ளென்சிங், அதுவும் ரெண்டு தடவை. முதல் தடவை சன்ஸ்க்ரீன், பவுடர், மஞ்சள், குங்குமம் போகும். ரெண்டாவது தடவைதான் தோல் சுத்தமாகும். நம்ம ஊர்ல மஞ்சள் பூசிக் குளிக்கிறவங்க நிறைய. ஒரு தடவையோட நிறுத்தினா அந்த மஞ்சள் சாயலுக்கு அடியில சிவப்பு இருக்கா, திட்டு இருக்கான்னு கண்ணுக்கே தெரியாது. க்ளென்சிங் மில்க் முகம் கழுத்து ரெண்டுக்கும் ஒரு டீஸ்பூன் போதும். ஒரு நிமிஷம் வட்டமா தேய்ச்சு, ஈரப் பஞ்சால துடைக்கணும். பஞ்சை நல்லா பிழிஞ்சிருக்கணும், தண்ணி காதுக்குள்ள ஓடக்கூடாது.

மூக்குத்தியை கவனிங்க. ஸ்க்ரப் துகள் மூக்குத்திக்கு அடியில போய் உட்கார்ந்துக்கும். ராத்திரி அதுதான் உறுத்திப் புண்ணாகும். கடைசியில ஈரமான காது பஞ்சுக் குச்சியால மூக்குத்தியைச் சுத்தி ஒரு தடவை எடுத்துடுங்க. தாலியைக் கழட்ட மாட்டாங்க, கேட்கவும் வேண்டாம். ஒரு துணியில சுத்தி டவலுக்குள்ள ஒதுக்கினா க்ரீம் படாது.

க்ளென்சிங் முடிஞ்சதும் விளக்கு போட்டு தோலைப் பார்க்கிறதுக்கு மூணு நிமிஷம் ஒதுக்குங்க. பூதக்கண்ணாடி விளக்கு இருந்தா நல்லது. கண் மேல ஈரப் பஞ்சு வெச்சுட்டுதான் விளக்கைக் கிட்ட கொண்டுவரணும். எங்க எண்ணெய், எங்க வறட்சி, எங்க குரு, எங்க மெல்லிய சிவப்பு நரம்புன்னு ஒரு நோட்டில எழுதிடுங்க. கன்னம் வறட்சி, மூக்கும் நெற்றியும் எண்ணெய்னு ஒரே முகத்துல ரெண்டும் இருக்கும். அப்படிப்பட்ட முகத்துக்கு ஒரே பேக்கை முழுசா அப்பறது தப்பு.

அடுத்தது ஸ்க்ரப். ஸ்டீமுக்கு முன்னாடியே பண்ணிடுங்க. ஸ்டீம் பட்டு ஊறின தோல்ல துகள் சீக்கிரம் கீறிடும். ரெண்டு, மூணு நிமிஷத்துக்கு மேல வேண்டாம். விரல் பாரம் மட்டும் போதும், கை பாரம் இறங்கக்கூடாது. வால்நட் ஓடு பொடி மாதிரி கூர்முனை உள்ளதைத் தவிர்த்து, உருண்டைத் துகள் உள்ளதா வாங்குங்க. குரு இருக்கிற முகத்துக்குத் துகளே வேண்டாம், இறந்த தோலைத் தேய்க்காமலே இளக்கற என்சைம் பவுடரைக் குழைச்சுப் போட்டா போதும்.

ஸ்டீம்: முகத்துக்கும் குழாய் வாய்க்கும் நடுவுல ஒன்றேகால் அடி முதல் ஒன்றரை அடி வரை இருக்கணும். எண்ணெய்த் தோலுக்கு 7 நிமிஷம், சாதாரணத் தோலுக்கு 5, வறட்சிக்கு 3. மெஷினை வேற பக்கம் திருப்பி வெச்சு ஆன் பண்ணி, ஆவி சீரா வந்த பிறகே முகத்துப் பக்கம் திருப்பணும். ஆரம்பத்துல குழாயில தங்கின கொதி தண்ணி சொட்டாத் தெறிக்கும். ஸ்டீம்ல துவாரம் "திறக்கும்"னு க்ளாஸ்ல சொல்லியிருப்பாங்க. துவாரத்துக்குக் கதவு கிடையாது, திறந்து மூடற தசையும் இல்லை. உள்ளே உறைஞ்ச எண்ணெய் இளகுது, மேல் தோல் ஊறுது, அவ்வளவுதான். அதனால 15 நிமிஷம் காட்டினா ரெண்டு மடங்கு பலன் வராது, ரெண்டு மடங்கு சிவப்புதான் வரும்.

ப்ளாக்ஹெட்: உங்க மூக்குத் தழும்புக்குக் காரணம் பெரும்பாலும் கோணம். நேரா மேலிருந்து அமுக்கினா அடைப்பு இன்னும் உள்ளே போய், மயிர்க்கால் சுவர் உள்ளுக்குள்ளேயே கிழியும். க்ளவுஸ் போட்டு, ரெண்டு ஆள்காட்டி விரல்லயும் ஈரக் காஸ் துணி சுத்திக்கோங்க. துவாரத்துக்கு ரெண்டு பக்கமும் சற்றுத் தள்ளி வெச்சு, முதல்ல கீழே அழுத்தி, அப்புறம் உள்பக்கமா நெருக்கி, மெல்ல மேலே தூக்கணும். இந்த மூணு அசைவும் தனித்தனியா வரணும். ரெண்டு முயற்சிக்குள்ள வரலைன்னா விட்டுடுங்க, அடுத்த மாசம் அது தானே இளகி வரும். லூப் ரிமூவர் (முனையில வளையம் இருக்கிற ப்ளாக்ஹெட் எடுக்கிற கம்பி) பயன்படுத்தினா மூக்கு எலும்பு மேல அழுத்தவே வேண்டாம். மொத்தமா 10 நிமிஷத்துக்குள்ள முடிங்க. அதுக்குள்ள ஸ்டீம் ஈரம் ஆறிடும், பிறகு எடுக்கிறதெல்லாம் வெறும் காயம்.

சீழ் வெச்ச குருவைத் தொடாதீங்க. மூக்குத் தண்டிலிருந்து வாயோரம் வரைக்கும் உள்ள முக்கோணப் பகுதியில இருக்கிற ரத்தக் குழாய்கள் மண்டைக்குள்ள போற குழாய்களோட இணைஞ்சது. அங்க பிதுக்கினா கிருமி எங்க போகும்னு நம்ம கையில இல்லை. கண்ணுக்குக் கீழே கடுகு மாதிரி வெள்ளையா கெட்டியா இருக்கிறது மிலியா. அதுக்கு ஊசிமுனை வேணும், அது தோல் மருத்துவர் வேலை.

தேனருவி:

மசாஜைப் பற்றி நான் சொல்றேன். கஸ்டமர் திரும்பி வர்றதும் வராததும் இந்தப் பதினைந்து இருபது நிமிஷத்துலதான் தீர்மானமாகுது.

க்ரீம் ஒரு டீஸ்பூன், கழுத்துக்கும் சேர்த்து. சரியான அளவான்னு கையே சொல்லும். கன்னச் சதை விரலோட சேர்ந்து இழுபட்டா க்ரீம் பத்தலை. விரல் பிடியே இல்லாம வழுக்கிட்டு ஓடினா கூடிப்போச்சு. நடுவுல உலர்ந்தா இன்னும் க்ரீம் அள்ளாதீங்க. விரலை வெதுவெதுப்பான தண்ணியில நனைச்சு ரெண்டு சொட்டு தெளிச்சாலே மறுபடி ஓடும்.

திசை கீழிருந்து மேலே, நடுவிலிருந்து வெளியே. கழுத்துல மட்டும் நடுக்குழலை விட்டுட்டு ரெண்டு பக்கமும் உள்ளங்கையால லேசா வருடுங்க. ஒரே நேரத்துல கழுத்தோட ரெண்டு பக்கத்தையும் அழுத்தவே கூடாது, அங்கதான் மூளைக்குப் போற ரத்தக் குழாய் ஓடுது. மோவாய் நடுவிலிருந்து காது மடல் வரை ஒரு வருடல் மூணு விநாடி எடுக்கணும். புதுசா கத்துக்கிறவங்க ஒரு விநாடியில முடிச்சுடுவாங்க. மூச்சு எண்ணிப் பழகினா வேகம் தானே இறங்கும்.

முதல்ல வருடல், பிறகு தாடை ஓரத்தைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல மெல்லப் பிசையறது, பிறகு மூக்கோரத்துலயும் மோவாய்க் குழியிலயும் சின்ன வட்டம், பிறகு விரல் நுனியால மழைத்தூறல் மாதிரி தட்டறது, கடைசியில திரும்ப வருடல். ஒவ்வொண்ணும் ஆறு தடவை. குரு இருக்கிற முகத்துக்குப் பிசையறதும் தட்டறதும் வேண்டாம், வருடல் மட்டும் போதும். கண்ணைச் சுத்தி மோதிர விரல்தான், ஏன்னா அதுக்குதான் பலம் குறைவு. இமைக்கு மேல மூக்குப் பக்கத்திலிருந்து வெளியே, கண்ணுக்குக் கீழே வெளிஓரத்திலிருந்து மூக்குப் பக்கம். அந்த வட்டத்தை எங்கயும் அறுக்காதீங்க.

ரெண்டு கையையும் ஒரே சமயத்துல முகத்திலிருந்து எடுக்காதீங்க. அரைத்தூக்கத்துல இருக்கிறவங்க சட்டுனு விழிச்சுக்குவாங்க. க்ரீம் எடுக்கணும்னா ஒரு கை நெற்றியில இருக்கட்டும். நகம் விரல் நுனியைத் தாண்டக்கூடாது. கை ஜில்லுனு இருந்தா முன்னாடியே வெந்நீர்ல காட்டித் துடைச்சுக்கோங்க.

பழக ஆள் கிடைக்கலைன்னா உங்க முழங்கால் சில்லு இருக்கு. அந்த உருண்டை கன்ன எலும்பு மாதிரியேதான். அது மேல க்ரீம் தடவி, தோல் அசையாம விரல் மட்டும் நகரணும்னு தினம் பத்து நிமிஷம் பழகுங்க.

பேக் போடறதுக்கு முன்னாடி மசாஜ் க்ரீமை முழுசா எடுக்கணும். ஈரப் பஞ்சு, அப்புறம் டோனர் பஞ்சு. பஞ்சுல மஞ்சள் வழவழப்பு வர்றது நிக்கிற வரைக்கும் எடுங்க. முடியோரம், காதுக்குப் பின்னாடி, தாடைக்குக் கீழே, இந்த மூணு இடத்துல க்ரீம் தங்கிடும்.

பேக் ரெண்டு டேபிள்ஸ்பூன். கண்ணுக்கும் உதட்டுக்கும் விரல் அகலம் இடம் விடுங்க. களிமண் பேக்கை வெடிச்சுக் காயற வரைக்கும் வைக்கிறது இங்க எல்லா இடத்துலயும் நடக்குது, அது தப்பு. முழுசா காய்ஞ்சா தோல்ல இருக்கிற ஈரத்தையும் சேர்த்து உறிஞ்சும். ஓரம் வெளுத்து, நடுவுல தொட்டா இன்னும் ஒட்டுதுன்னா அதுதான் பதம். முல்தானி மட்டிக்கு ஃபேனுக்குக் கீழே 10 நிமிஷத்துல அது வந்துடும். எலுமிச்சைச் சாறை எந்தப் பேக்குலயும் கலக்காதீங்க. அதோட புளிப்பு தோல் தாங்கற அளவைவிட ரொம்ப அதிகம், அதோட வெயில்ல போனா கருந்திட்டு விழும்.

செவிலி_தோல்பிரிவு:

யாருக்குப் பண்ணக்கூடாது என்ற கேள்விக்கு விரிவாகவே எழுதுகிறேன். முதல் ஐந்து நிமிடம் இதற்கே போகட்டும்.

"என்ன மருந்து எடுக்கிறீங்க?" என்று கேட்டால் "ஒண்ணுமில்லை" என்பார்கள். "பருவுக்கு மாத்திரை சாப்பிடுறீங்களா? ராத்திரி க்ரீம் ஏதாவது போடுறீங்களா? அந்த ட்யூபை போன்ல போட்டோ காட்ட முடியுமா?" என்று கேளுங்கள். பருவுக்கான ஐசோட்ரெட்டினோயின் மாத்திரை சாப்பிடுபவர்களின் தோல் மெலிந்து, எளிதில் உரியும். ஸ்க்ரப், பீல் (ரசாயனத்தால் மேல் தோலை உரிப்பது), வேக்ஸிங் எதுவும் கூடாது. மாத்திரையை நிறுத்தி ஆறு மாதம் பொறுப்பது பார்லர்களில் வழக்கமான பாதுகாப்பு. அதற்கு முன் வேண்டுமென்றால் அவர்களுடைய மருத்துவர் சொல்லட்டும். பருவுக்கான ட்ரெட்டினோயின், அடாபலீன் க்ரீம் போடுபவர்களுக்கு அதை ஒரு வாரமாவது நிறுத்தாமல் ஸ்க்ரப் வேண்டாம்.

நம் ஊரில் அடிக்கடி தவறவிடுவது ஸ்டீராய்டு முகம். வெளுப்பாக வேண்டும் என்று மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிய க்ரீமை மாதக்கணக்கில் போட்டிருப்பார்கள். ட்யூபில் மொமெட்டசோன், பீட்டாமெத்தசோன், க்ளோபெட்டசால், ஃப்ளூசினோலோன் என்று ஏதாவது இருக்கும். முகம் மெல்லிய பளபளப்போடு சிவந்து, கன்னத்தில் நூல் போல நரம்பு தெரியும், பூனைமுடி கூடியிருக்கும், தண்ணீர் பட்டாலே எரியும். இந்த முகத்துக்கு ஸ்டீமும் ஸ்க்ரப்பும் கொடுத்தால் அன்று இரவே கொதிக்கும். க்ரீமை உடனே நிறுத்தச் சொல்லவும் வேண்டாம், திடீரென நிறுத்தினால் முகம் பொங்கும். தோல் மருத்துவரிடம் அனுப்புங்கள்.

பெயரும் பொருள் பட்டியலும் இல்லாத வெளுப்பு க்ரீம் டப்பாக்களில் பாதரசம் இருக்கக்கூடும். கேரளத்தின் மலப்புரம் பகுதியில் இத்தகைய க்ரீம் பூசியவர்களுக்குச் சிறுநீரகப் பாதிப்பு வந்ததை 2023-இல் மருத்துவர்கள் வெளியே கொண்டுவந்தார்கள். அந்த டப்பாவை உங்கள் கடையில் விற்கவும் வேண்டாம்.

படர்தாமரை, உதட்டோர அக்கி, சீழ்க்கட்டி இருந்தால் முழுமையாகத் தவிர்க்க வேண்டும், ஒட்டிக்கொள்ளும். தட்டையான சிறு மருக்கள் மீது ஸ்க்ரப் அல்லது த்ரெட்டிங் நூல் போனால் அந்தக் கோட்டிலேயே புது மருக்கள் வரிசையாக முளைக்கும். வெண்புள்ளி உள்ளவர்களுக்கு உரசல் பட்ட இடத்தில் புதிய புள்ளி தோன்றலாம். ஆகவே தேய்ப்பது எதுவும் கூடாது. மங்கு (பழுப்புத் திட்டு) உள்ள கன்னத்துக்கு ஸ்டீம் வேண்டாம். வெப்பம் மங்கைக் கூட்டும்.

ஃபேஷியலால் போகாத நிற மாற்றங்கள் சிலவற்றையும் அடையாளம் கண்டுகொள்ளுங்கள். பின்கழுத்தில் வெல்வெட் துணி போலத் தடித்த கறுப்பு அழுக்கல்ல. பெரும்பாலும் உடல் எடை, இன்சுலின் சம்பந்தப்பட்டது. எவ்வளவு தேய்த்தாலும் புண்தான் ஆகும், சர்க்கரைப் பரிசோதனை செய்துகொள்ளச் சொல்லுங்கள். நெற்றியோரமும் காதோரமும் சாம்பல் கலந்த பழுப்பு படிந்திருந்தால் எந்த ஹேர் டை போடுகிறார்கள் என்று கேளுங்கள். நெற்றி நடுவில் வட்டமாக வெளுத்திருந்தால் ஸ்டிக்கர் பொட்டின் பசை காரணமாக இருக்கலாம். மூன்றிலும் காரணத்தைச் சொல்லி அனுப்புவது, பணம் வாங்கிக்கொண்டு தேய்ப்பதைவிட நேர்மையானது.

மல்லிகை_திண்டுக்கல்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. இன்னும் மூணு சந்தேகம். எங்க வீட்ல போர் தண்ணிதான், ஸ்டீமர்ல ஊத்தலாமா? யூவி பாக்ஸ் (புற ஊதா விளக்குப் பெட்டி) வாங்கினா கருவி சுத்தத்துக்குப் போதுமா? அந்த வேர்க்குரு மாதிரி வர்றதுக்கு இன்னும் பதில் வரலையே. ரெண்டு பேருக்கு அன்னைக்கே த்ரெட்டிங்கும் பண்ணியிருந்தேன், ஒருத்தங்களுக்கு ப்ளீச்சும்.

மெஷின்_மெக்கானிக்:

போர் தண்ணி வேண்டவே வேண்டாம். ஹீட்டர் கம்பி மேல சுண்ணாம்பு படிஞ்சு, கொதிக்கும்போது குழாய் வழியா துப்பும். கொதி தண்ணி முகத்துல தெறிக்கிறதுக்குப் பாதிக் காரணம் இதுதான், மீதிப் பாதி ஜாடியில மேல் கோட்டைத் தாண்டி ஊத்தறது. டிஸ்டில்டு வாட்டர் வாங்குங்க. தண்ணி கீழ்க்கோட்டுக்கு இறங்கினா ஹீட்டர் எரிஞ்சு போகும், அதனால ஒவ்வொரு ஆளுக்கும் முன்னாடி பாருங்க. தண்ணிக்குள்ள ரோஸ் வாட்டர், எண்ணெய், வேப்பிலை எதையும் போடாதீங்க, நுரைச்சுப் பொங்கும். தினம் ராத்திரி மிச்சத் தண்ணியைக் கொட்டிக் கவிழ்த்து வெச்சுடுங்க.

ஏற்கெனவே வெள்ளை படிஞ்சிருந்தா ரெண்டு டேபிள்ஸ்பூன் வெள்ளை வினிகர், கோடு வரைக்கும் தண்ணி. ஆவி வந்ததும் அணைச்சு 20 நிமிஷம் விட்டு, கொட்டி, நல்ல தண்ணியில ரெண்டு தடவை அலசுங்க. அப்போ பக்கத்துல கஸ்டமர் இருக்கக் கூடாது, ஜன்னல் திறந்திருக்கட்டும். ஓசோன் பட்டன் இருக்கிற மெஷின்னா அதைத் தொடாமலே வேலை செய்யுங்க. இளைப்பு உள்ளவங்களுக்கு ஆகாது.

யூவி பாக்ஸ் சுத்தமான கருவியை எடுத்து வைக்கிற பெட்டி, அவ்வளவுதான். வெளிச்சம் படாத அடிப்பக்கமும் லூப் வளைவும் அப்படியே இருக்கும். ப்ளாக்ஹெட் ரிமூவரை சோப்பும் பிரஷும் போட்டுத் தேய்ச்சு, துணியில சுத்தி, பிரஷர் குக்கர் தட்டுல தண்ணி படாம வெச்சு, விசில் வந்தப்புறம் சிறுதீயில 20 நிமிஷம் விடுங்க. குக்கர் எடை தர்ற அழுத்தத்துல சூடு கிட்டத்தட்ட 121 டிகிரி வரும், ஆஸ்பத்திரி ஆட்டோக்ளேவ் வேலை செய்யற சூடும் அதுதான். இதுக்குன்னு தனி குக்கர் வெச்சுக்கோங்க. ப்ளீச்சிங் தண்ணியில இரும்பைப் போடாதீங்க, துருப்பிடிச்சுச் சொரசொரப்பாகி அதுவே தோலைக் கீறும்.

கைப்பக்குவம் (பயிற்சியாளர்):

வேர்க்குரு விஷயம். எப்போ வருது, எங்க வருதுன்னு பார்த்தா காரணம் தெரிஞ்சுடும். அதுக்குதான் நோட்டு.

அரை மணி நேரத்துலயே சிவந்து அரிச்சா அலர்ஜி. உடனே கழுவி, ஈரத்துணி ஒத்தடம். அடங்கலைன்னாலும், கண் உதடு வீங்கினாலும் ஆஸ்பத்திரி. இது வராம இருக்க, முதல் நாளே காதுக்குப் பின்னாடி தடவி 24 மணி நேரம் பார்க்கணும்.

ரெண்டாம் நாள், மூணாம் நாள் தாடையோரமும் முடியோரமும் பொடிப்பொடியா வந்தா மசாஜ் க்ரீம் சரியா எடுக்கலைன்னு அர்த்தம். தேனருவி சொன்ன அந்த மூணு இடம்தான். எண்ணெய்த் தோலுக்கு கோகோ பட்டர், தேங்காய் எண்ணெய் சேர்ந்த க்ரீமை மாத்தி, ஜெல் எடுங்க. கன்னம் முழுக்க சீரா வந்தா ஸ்க்ரப் அழுத்தம். ஒவ்வொரு பொடிக்கும் நடுவுல முடியும் சீழும் தெரிஞ்சா மயிர்க்காலுக்குள்ள கிருமி. அப்போ ஸ்பாஞ்சைப் பாருங்க. கழுவிக் காயவெச்ச ஸ்பாஞ்ச் நம்ம ஊர் ஈரத்துல உள்ளே காயவே காயாது. பஞ்சை மட்டும் பயன்படுத்தித் தூக்கிப் போடுங்க. க்ரீம் டப்பாவுக்குள்ள விரலை விடாம, ஸ்பாட்டுலாவால கிண்ணத்துக்கு எடுத்து வெச்சுட்டு ஆரம்பிங்க. தலைத் துணியும் டவலும் ஆளுக்கு ஒண்ணு.

மேலுதட்டுலயும் புருவத்தடியிலயும் மட்டும் வந்தா அது த்ரெட்டிங். முடி பிடுங்கின குழிக்குள்ள அன்னைக்கே ஸ்க்ரப்பும் க்ரீமும் போயிருக்கு. த்ரெட்டிங்கை ரெண்டு நாள் தள்ளி வையுங்க. அன்னைக்கேதான் வேணும்னு நின்னா, அந்த இடங்களை ஸ்க்ரப்பும் மசாஜும் தொடாம விட்டுட்டுப் பண்ணுங்க.

ப்ளீச்சும் ஃபேஷியலும் ஒரே நாள்ல வேண்டாம். ப்ளீச்ல அம்மோனியாவும் ஹைட்ரஜன் பெராக்சைடும் இருக்கு. ஏற்கெனவே எரிச்சல் பட்ட தோலைத் திரும்ப ஸ்க்ரப் பண்ணி ஸ்டீம் காட்டறது நம்ம மாநிற முகத்துல கருந்திட்டாத்தான் முடியும், அது மறைய மாசக்கணக்காகும். பேக்கேஜ்னு சேர்த்து விக்கிறவங்க விக்கட்டும், நீங்க பண்ணாதீங்க.

கல்லூரிச்சாலை:

சான்றிதழ் பற்றி ஒரு வார்த்தை. ஐடிஐ-யில் காஸ்மெட்டாலஜி (அழகுக்கலை) ஒரு வருடப் படிப்பு, அரசு சான்றிதழ் கிடைக்கும். வேலை பார்த்துக்கொண்டே என்றால், பியூட்டி அண்ட் வெல்னஸ் துறைத் திறன் கவுன்சிலின் உதவி பியூட்டி தெரபிஸ்ட், பியூட்டி தெரபிஸ்ட் என்ற இரண்டு நிலைகள் உண்டு. வெளிநாடு போகும் எண்ணம் இருந்தால் சிடெஸ்கோ டிப்ளமோவை விசாரியுங்கள். 1946-இல் தொடங்கிய சர்வதேச அழகுக்கலை அமைப்பு அது. எந்த இடமானாலும் சேரும் முன், எத்தனை முகங்களில் நேரடியாகப் பழக விடுவார்கள் என்று கேளுங்கள்.

மல்லிகை_திண்டுக்கல்:

நோட்டு வாங்கிட்டேன். கடைசியா ஒண்ணு: அடுத்த மாசம் பக்கத்து வீட்ல கல்யாணம். பொண்ணுக்கு இதுவரை ஃபேஷியலே பண்ணினதில்லை. எப்போ பண்ணணும்?

தேனருவி:

முகூர்த்தத்துக்கு நாலு வாரம் முன்னாடி இப்பவே ஒண்ணு பண்ணிடுங்க. எது ஒத்துக்கலைன்னாலும் ஆற நேரம் இருக்கும். ரெண்டாவது, கல்யாணத்துக்கு அஞ்சு நாள் முன்னாடி, முதல் தடவை பயன்படுத்தின அதே பொருட்கள்ல. அதுல ப்ளாக்ஹெட் எடுக்காதீங்க, புதுசா ஒரு சீரம்கூடச் சேர்க்காதீங்க. நலங்கு மஞ்சள் பூசறதுக்கு முன்னாடி அவங்க முகத்துல எங்கயும் உரிஞ்ச இடம் இல்லைன்னு பார்த்துக்கோங்க, இருந்தா மஞ்சள் அங்க எரியும்.